பேரன் வகுத்த பயணத் திட்டம்

சென்ற ஆண்டு மே மாத இறுதியில், அமெரிக்க நாட்டின் பாஸ்டன் மாநகரில் வாழும் எங்கள் மகளின் இல்லத்தை நாங்கள் இருவரும் சென்றடைந்தபோது, பதினொரு வயதுப் பேரன் ஒரு குறிப்பேட்டுடன் எங்களுக்காகக் காத்திருந்தான். அவன் எங்களை ஓர் இடத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டுமாம். அதற்கான திட்டம் முழுவதும் அதில் எழுதப்பட்டிருந்தது. அந்த இடம் ஃபென்வே பார்க் என்னும் விளையாட்டரங்கு. அங்கு ஆடப்படுவது பேஸ்பால் என்னும் தளப்பந்து.

எங்கள் காலத்துப் பாளையங்கோட்டைக்குக் கிரிக்கெட் தெரியும், கால்பந்து தெரியும், தளப்பந்து தெரியாது. ஆகவே சிறுவன் முதலில் ஆட்டத்தைக் கற்பித்தான். அணிக்கு ஒன்பது பேர், சுற்றுகளும் ஒன்பது. எறிபவர் பந்தைத் தரையில் படாமல் எறிவார். உருண்டையான மட்டையால் அதனை அடிக்க வேண்டும். மும்முறை தவறினால் வெளியேற வேண்டும். அடித்தவர் நான்கு தளங்களையும் சுற்றி ஓடித் தொடங்கிய இடத்திற்கே திரும்பி வந்தால் ஓர் ஓட்டம். "வீட்டுக்குத் திரும்பி வந்தால்தான் கணக்கு, தாத்தா" என்று அவன் சுருக்கமாக முடித்தபோது, எங்களுக்கு அவ்வாட்டத்தின் மீது ஒரு மதிப்பே பிறந்துவிட்டது.

அரங்கைப் பற்றி அவன் திரட்டியிருந்த செய்திகளும் சுவையானவையே. 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் திறக்கப்பட்ட அது, டைட்டானிக் கப்பல் மூழ்கிய ஐந்தாம் நாள் பிறந்தது. அமெரிக்கப் பெருங்குழுக்கள் இன்றும் ஆடிவரும் அரங்குகளுள் அதுவே மிகப் பழையது. அருகில் ஓர் ஆலயம் இருந்த காரணத்தால், 1932 வரை அங்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் நடைபெறவில்லை. இடப்புறம் நிலம் போதவில்லை. எல்லைக்கு அப்பால் உடனே தெரு. ஆட்டக்காரர் நிற்கும் இடத்திலிருந்து 310 அடியிலேயே எல்லை வந்துவிடுகிறது. ஆகவே நிலத்தின் குறையைச் சுவரின் உயரத்தால் ஈடுசெய்தனர். 37 அடி உயரமுள்ள அச்சுவருக்கு 1947இல் பச்சை வண்ணம் பூசினர். மக்கள் அதனைப் 'பச்சை அரக்கன்' என்று செல்லமாக அழைக்கின்றனர். அதன் அடியில் உள்ள ஓட்டப் பலகையில், சுவருக்குள்ளே அமர்ந்திருக்கும் பணியாளர்கள் இன்றும் எண்களைக் கையால்தான் மாற்றுகின்றனர்.

திட்டம் நன்றாகவே இருந்தது. ஆயினும் எங்கள் இல்லத்தரசி இசையவில்லை.

"எனக்கு எதற்கப்பா இந்தக் கூட்டமும் கூச்சலும்? தாத்தாவைக் கூட்டிக்கொண்டு போய் வா. ஆச்சி வீட்டில் இருந்து உங்களுக்கு மீன் குழம்பு வைக்கிறேன்" என்றார். முழங்கால் வலியும் ஒரு காரணம். படிகளைக் குறித்த அச்சமும் ஒரு காரணம். சிறுவனின் முகம் வாடிவிட்டது. இனி ஒருமுறை கடல் கடந்து வரும் வலிமை எங்கள் உடலுக்கு இருக்குமோ என்னும் ஐயம் எங்களுக்கு உண்டு. அவனுக்கும் அது தெரிந்திருந்தது போலும். அன்றிரவு உணவு மேசையின் மீது நகரின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஆச்சிக்கு ஏற்றவாறு திட்டத்தைத் திருத்தத் தொடங்கினான். எங்கள் குடும்பத்தின் பழைய கதவொன்று திறந்தது அம்மேசையிலேதான்.

அவன் விரலால் ஒரு சாலையைத் தொடர்ந்தான். புரூக்லைன் சாலை என்பது அதன் பெயர். கென்மோர் சதுக்கத்தில் தொடங்கும் அச்சாலை விளையாட்டரங்கை ஒட்டிச் செல்கிறது. பின்னர் மேலும் ஒரு மைல் அளவு தென்மேற்கே சென்று, லாங்வுட் என்னும் மருத்துவமனைப் பகுதியை அடைகிறது. "ஆச்சி, இந்த ரோட்டிலேயே ஜிம்மியின் ஆஸ்பத்திரியும் இருக்கிறது" என்றான். ஜிம்மி யார் என்று கேட்டோம். பள்ளியில் கட்டுரை எழுதுவதற்காகத் தான் படித்த வரலாற்றைச் சொன்னான்.

1948ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள், புற்றுநோயால் வருந்திய பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் படுக்கையருகிலிருந்து வானொலி நிகழ்ச்சியொன்று நாடெங்கும் ஒலிபரப்பாயிற்று. அவன் பெயரை மறைத்து 'ஜிம்மி' என்றனர். அந்நாளில் பாஸ்டனில் இருந்த பிரேவ்ஸ் என்னும் தளப்பந்துக் குழுவின் வீரர்கள், ஒருவர் பின் ஒருவராக அவன் அறைக்குள் நுழைந்தனர். அவர்களின் ஆட்டத்தைக் காண அவனுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டது. மக்கள் மனமிரங்கி அனுப்பிய தொகை, அவ்வாண்டிலேயே 2,00,000 டாலரைத் தாண்டியது. அதுவே ஜிம்மி நிதி. அதனைக் கொண்டு வளர்ந்ததே இன்று டானா-ஃபார்பர் என்னும் பெயர் தாங்கிய புற்றுநோய் நிலையம். பிரேவ்ஸ் குழு 1953இல் நகரை விட்டு நீங்கியபோது, ஃபென்வே அரங்கின் ரெட் சாக்ஸ் குழு அந்நிதியைத் தன் பொறுப்பாக ஏற்றது. இன்றும் அதனைக் கைவிடவில்லை. அக்குழுவின் புகழ்பெற்ற வீரர் டெட் வில்லியம்ஸ், விளம்பரம் ஏதுமின்றி நோயுற்ற குழந்தைகளைச் சென்று கண்டு வந்தவர்.

"அந்த டாக்டர் ஃபார்பர் கொடுத்த மருந்துக்கு அமினோப்டெரின் என்று பெயர், ஆச்சி. அதற்கு ஒரு தங்கை உண்டு. மெத்தோட்ரெக்சேட். அதை இன்றைக்கும் கொடுக்கிறார்கள்" என்று சிறுவன் படித்தான்.

"மஞ்சளாக இருக்கும்" என்றார் எங்கள் இல்லத்தரசி.

சிறுவன் நிமிர்ந்து பார்த்தான். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அன்பு வாசகர்களே, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நாங்கள் காத்துவந்த ஒரு மறைவு அந்த வினாவின் முன் நிற்க இயலவில்லை. 1999ஆம் ஆண்டு எங்கள் இல்லத்தரசிக்கு மார்பில் புற்றுநோய் கண்டது. அறுவை நடந்தது, அதன்பின் ஆறு மாதங்கள் மூன்று மருந்துகளை மாற்றி மாற்றி ஊசி வழியே செலுத்தினர். அவற்றுள் ஒன்று மஞ்சள் நிறம். அதன் பெயரைக் குப்பியின் மேல் வாசித்து வாசித்து அவர் மனப்பாடம் செய்திருந்தார். உறவினரிடம் சாதாரணக் கட்டி என்றோம். முடி கொட்டியதற்கு டைபாய்டு காய்ச்சல் என்றோம். விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த மகளிடமும் அதையே சொன்னோம். அந்நோயின் பெயர் வெளியே தெரிந்தால் நாளை அவளை மணமுடிக்க யார் வருவார் என்னும் அச்சமே எங்கள் வாயைக் கட்டியது. திருமணம் முடிந்த பின்னரும் சொல்லவில்லை, மறைத்ததே பழகிவிட்டது.

அன்றிரவு அவர் பேரனிடம் எல்லாவற்றையும் சொன்னார். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மகள் கையை நிறுத்திக் கேட்டாள். நெடுநேரம் அவள் எதுவும் பேசவில்லை. பின்பு, "அம்மா, குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்று இங்கே டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார். இல்லை, இல்லை என்றே சொல்லிவந்தேன்" என்றாள். அச்சொல்லில் சினம் இல்லை. ஆனால் அதனைப் போல் எங்களைச் சுட்ட சொல் வேறில்லை. மகளைக் காப்பதாக எண்ணி, அவள் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியையே அடைத்து வைத்திருந்தோம்.

பேரன் மட்டும் அழவில்லை. குறிப்பேட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பினான். "ஆச்சி, அந்த மருந்தைச் செய்தவர் நம் ஊர்ப் பக்கம்தான்" என்றான்.

நம் மாநிலத்தவர் என்று அவன் எண்ணியது முற்றிலும் சரியன்று. எனினும் தொலைவும் அன்று. எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் அந்நாளைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்த தெலுங்கர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். 1923இல் பாஸ்டனுக்கு வந்து, பிழைப்பிற்காக மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலம் அகற்றும் இரவுப் பணியையும் செய்தார். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் உயர்ந்த ஆய்வுகளை நிகழ்த்தியும், அங்கு நிலையான பதவி கிட்டாமையால் 1940இல் நியூயார்க் மாநிலத்திலிருந்த லெடர்லி ஆய்வகத்திற்குச் சென்றார். உயிரணுக்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. அதனைப் போலவே தோற்றம் கொண்ட ஒரு பொருளை அவரது குழுவினர் உருவாக்கினர். பூட்டுக்குள் நுழைந்து, திறக்காமல் சிக்கி நிற்கும் போலிச் சாவியைப் போன்றது அது. நோயணுக்களின் பெருக்கம் தடைப்படுகிறது. அம்மருந்தை ஃபார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அளித்தார். அவர்களுள் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்னும் அறிக்கை 1948 ஜூன் 3ஆம் நாள் வெளியாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில், தம் 53ஆம் வயதில், சுப்பாராவ் உறக்கத்திலேயே உயிர் நீத்தார்.

"அப்படியானால் நானும் அந்த ரோட்டைப் பார்க்க வேண்டும்" என்றார் எங்கள் இல்லத்தரசி. மீன் குழம்புத் திட்டம் அத்துடன் கைவிடப்பட்டது.

புதிய திட்டத்தை நால்வரும் சேர்ந்து வகுத்தோம். வகுக்கும்போது ஒரே விதியைக் கைக்கொண்டோம்: நம்முள் மெதுவாக நடப்பவர் யாரோ, அவர் காலுக்கு ஏற்றவாறே நாள் அமைய வேண்டும். வாகனம் நிறுத்த இடம் தேடி அலைவதை விடுத்து, பச்சைத் தடம் எனப்படும் மின் தொடரிலேயே சென்றோம். முதலில் லாங்வுட் நிறுத்தத்தில் இறங்கி, ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் வெண்சலவைக்கல் கட்டடங்களைக் கண்டோம். புற்றுநோய் நிலையத்தின் எதிரே சற்று நேரம் நின்றோம். உள்ளே போக வேண்டிய அலுவல் எங்களுக்கு இல்லை. அதற்காக நன்றி செலுத்துவதைத் தவிர வேறு அலுவலும் இல்லை. வாடகைக் கார் ஒன்றில் ஃபென்ஸ் பூங்காவை அடைந்தோம். ஓல்ம்ஸ்டெட் என்னும் பேரறிஞர் வடிவமைத்த அப்பூங்காவில், 1942இல் உலகப்போர் உணவுத் தட்டுப்பாட்டிற்காகத் தொடங்கப்பட்ட பாத்தித் தோட்டங்களை மக்கள் இன்றும் பேணி வருகின்றனர். ஜூன் மாதமாதலால் ரோஜாத் தோட்டமும் பூத்திருந்தது. எங்கள் இல்லத்தரசி ஒரு பாத்தியில் வெங்காயத் தாளைக் கண்டு, ஊரைக் கண்டதுபோல் மகிழ்ந்தார்.

அங்கிருந்து அரங்கு நடக்கும் தொலைவே. செல்ல நினைப்போருக்குச் சில குறிப்புகளைச் சொல்லிவைக்கலாம். பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள். கூரையின் கீழுள்ள மரநாற்காலிகள் 1934ஆம் ஆண்டைச் சேர்ந்தவை, வெயிலும் மழையும் படா, ஆனால் குறுகலானவை, சில இடங்களில் தூண் பார்வையை மறைக்கும். சீட்டு வாங்கும்போதே இதனைக் கேட்டறிதல் நலம். ஜூன் இரவிலும் கம்பளிச் சட்டை ஒன்று வேண்டும். ஏப்ரல் மாதத்து மூன்றாம் திங்களன்று மாரத்தான் ஓட்டம் கென்மோர் சதுக்கம் வழியே செல்வதால், முதியோர் அந்நாளைத் தவிர்ப்பது நன்று.

வலப்புறப் படிவரிசையில் பச்சை இருக்கைகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு இருக்கை உண்டு. 1946 ஜூன் 9ஆம் நாள் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து சென்று, அங்கு அமர்ந்திருந்த ஒருவரின் வைக்கோல் தொப்பியைத் துளைத்தது என்பதன் நினைவு அது. பேரன் அதனைச் சுட்டிக் காட்டினான். ஏழாம் சுற்றின் நடுவே அனைவரும் எழுந்து நிற்பது அவர்கள் மரபு. எங்கள் இல்லத்தரசியும் பேரனின் தோளைப் பற்றிக்கொண்டு எழுந்து நின்றார். அருகிலிருந்த அமெரிக்க மூதாட்டி, "முதல் ஆட்டமா?" என்று கேட்க, பேரன் முந்திக்கொண்டு, "என் ஆச்சி புற்றுநோயை வென்றவர்" என்று அவருக்கு மறுமொழி சொன்னான். இருபத்தைந்து ஆண்டுகளாக எங்கள் வீட்டில் தாழ்ந்த குரலிலும் சொல்லப்படாத சொல்லை, அவன் அவ்வளவு பேர் நடுவே பெருமையுடன் உரக்கச் சொன்னான். அந்த அம்மையார் எங்கள் இல்லத்தரசியின் கையைத் தம் இரு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

ஜிம்மி என்ன ஆனான் என்பதையும் சொல்லிவிடுவோம். அவன் இறந்திருப்பான் என்றே பெரும்பாலோர் எண்ணியிருந்தனர். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1998இல், மெய்ன் மாநிலத்தின் லாரி ஓட்டுநரான ஐனர் கஸ்டாஃப்சன் என்பவரே அந்த ஜிம்மி என உலகம் அறிந்தது. எஞ்சிய நாளில் அவர் நோயுற்றோரைச் சந்தித்துத் தேற்றினார், 2001இல் மறைந்தார். உயிர் பிழைத்த ஒருவர் வெளியே வந்து நின்றதே மற்றவர்க்கு மருந்தாயிற்று.

எங்கள் மகள் அடுத்த வாரமே மருத்துவரிடம் உண்மையைச் சொல்லி, உரிய சோதனைகளைச் செய்துகொண்டாள். இறையருளால் குறையேதும் இல்லை. உங்கள் இல்லத்திலும் இப்படிப் பூட்டி வைத்த செய்தி ஏதேனும் இருக்கலாம். பிள்ளைகளின் நன்மைக்காகவே மறைத்திருப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் எண்ணினோம். விடுமுறைப் பயணத்திற்குத் திட்டமிட அனைவரும் ஒரு மேசையைச் சுற்றி அமரும் நாள் வரும்போது, அதனையும் சொல்லிவிடுங்கள்.

குறிப்பேட்டை நாங்கள் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டோம். அதன் கடைசிப் பக்கத்தில் பேரன் தன் கோணல் தமிழில் எழுதியிருக்கிறான்: "ஆச்சி வந்தாங்க."