வீசினால் ஊமையாகும் வாள்

சில வருடங்களுக்கு முன், வரதராஜன்பேட்டை இளைஞர் ஒருவருக்காக அரியலூர் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நான் வாதாடிய வழக்கில் சாட்சிப்பொருளாக வந்தது ஒரு வாள். ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் ஒளிவாளின் நகல் அது. அலுமினியக் கைப்பிடி, மேலே ஒளிரும் பிளாஸ்டிக் குழாய், கைப்பிடிக்குள் ஒரு பேட்டரி, ஒலிக்கான சர்க்யூட் போர்டு, சின்ன ஸ்பீக்கர். இணையத்தில் வாங்கிய விலை 14,000 ரூபாய். பொத்தானை அழுத்தினால் நீல வெளிச்சத்தோடு 'உம்ம்' என்று ரீங்காரம் வரும். ஆனால் வாளை வீசினால் சத்தம் பட்டென்று நின்றுபோகும். அடுத்த நொடி, அப்போதுதான் பொத்தானை அழுத்தியதுபோல, முதலிலிருந்து தொடங்கும்.

வெளிச்சம் ஒழுங்காக வரும்போது பொருளில் குறை ஏது, ஒலி ஒரு கூடுதல் வசதிதானே என்று விற்பனை நிறுவனம் பதில் மனுவில் கேட்டது. ஆனால் 1977-இல் வந்த முதல் படத்திலேயே அந்த வாளுக்கு உயிர் கொடுத்தது ஒலிதான். பென் பர்ட் என்ற ஒலிக்கலைஞர், பழைய சினிமா புரொஜக்டர் மோட்டாரின் முனகலையும் டிவி பெட்டியின் இரைச்சலையும் கலந்து அதை உண்டாக்கினார். கலந்த ஒலியை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதன் முன்னால் மைக்கை வீசிப் பதிவுசெய்ததில்தான் வாள் வீச்சின் ஓசை பிறந்தது. வீசும்போது ஊமையாகிவிட்டால் கையில் மிஞ்சுவது ஒரு டியூப்லைட். இதையெல்லாம் விளக்கும் வேலையை நிறுவனத்தின் விளம்பரமே எனக்கு மிச்சப்படுத்தியது: வீச்சுக்கேற்ற ஒலி என்பதுதான் அதில் முதல் வரி.

வழக்கை மும்பையில்தான் போட வேண்டும் என்று பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். பழைய சட்டத்தில் இந்த வாதத்துக்குக் கொஞ்சம் பலம் இருந்தது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, வாங்கியவர் குடியிருக்கும் ஊருக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம் என்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காட்டுக் குடும்பத்துப் பிள்ளை 14,000 ரூபாய்க்காக மும்பைக்கு ரயிலேற மாட்டான் என்பது அந்தப் பொடி எழுத்தை அச்சடித்தவர்களுக்கும் தெரியும்.

அடுத்தது கொஞ்சம் கூர்மையான ஆட்சேபம். வழக்குப் போட்ட அந்தத் தம்பி ஆடல்பாடல் குழுவில் நடனமாடுபவர். மாரியம்மன் கோயில், மாதா கோயில் என்று திருவிழா மேடைகளில் ஆடத்தான் வாளை வாங்கினார். வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோரே ஆகமாட்டார் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். சட்டத்தில் அப்படி இருக்கிறது, ஆனால் கூடவே ஒரு விளக்கமும் இருக்கிறது: சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காகவே ஒருவர் வாங்கினால் அது வணிக நோக்கம் ஆகாது. தையல்காரரின் மெஷினுக்கு உள்ள நியாயம் ஆட்டக்காரரின் வாளுக்கும் உண்டு என்று சொன்னேன், ஆணையம் ஏற்றுக்கொண்டது.

உண்மையான சிக்கல் கைப்பிடியின் அடிமூடியில் இருந்தது. அதைத் திறந்ததால் உத்தரவாதம் செல்லாது என்றார்கள். திறக்கச் சொன்னதே அவர்கள்தான். ஒலி அளவைக் கூட்டிப் பாருங்கள், இரவு முழுக்க சார்ஜ் போடுங்கள், மூடியைக் கழற்றி பேட்டரியை எடுத்துத் துடைத்துப் போடுங்கள் என்று அவர்களுடைய வாடிக்கையாளர் சேவையிலிருந்து வரிசையாகச் செய்தி வந்திருந்தது. தம்பி ஒவ்வொன்றையும் செய்து, பலனில்லை என்று பதிலும் போட்டிருந்தார். கடைசியாக வந்த செய்தி, சீல் உடைந்திருப்பதால் மாற்றித் தர இயலாது என்பது. ஒரு ஆள் சொல்லித் திறந்ததை அதே ஆள் குற்றமாக்குவதற்கு எந்த உத்தரவாத அட்டையும் இடம் தராது. அந்தச் செய்திகளைத் தம்பி அழிக்காமல் வைத்திருந்ததுதான் எங்கள் பக்கத்தின் மிகப் பெரிய பலம்.

பழுதைக் கண்டுபிடித்தவர் ஜெயங்கொண்டத்தில் டிவி ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவர். ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார், ஒயர்களை இழுத்துப் பார்த்தார், எல்லாம் சரி. பிறகு பேட்டரியை விரலால் மேல்நோக்கித் தள்ளினார். தொடுமுனையில் இருந்த ஸ்பிரிங் தளர்வாக இருந்ததால் பேட்டரி ஒரு நூல் நகர்ந்தது, வாள் அணைந்து மறுபடி தொடங்கியது. வீசும் வேகத்தில் பேட்டரி நுனிப்பக்கம் ஒதுங்குகிறது, அடிமுனையில் தொடர்பு விடுகிறது, போர்டு புதிதாகத் தொடங்குகிறது. இவ்வளவுதான் விஷயம். "ஸ்பிரிங்கை மாத்திட்டா அஞ்சு நிமிஷ வேலை தம்பி" என்றார். நான்தான் தொட வேண்டாம் என்று தடுத்தேன். சரிசெய்துவிட்டால் குறை மறைந்துவிடும். குறை மறைந்தால் வழக்கும் மறைந்துவிடும். அவரிடம் பிரமாணப் பத்திரம் மட்டும் வாங்கிக்கொண்டு வாளை அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டினோம். பங்குனியில் தொடங்கிய திருவிழாக்காலம் முடியும்வரை அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது. "சார், வாள் இல்லாமலே ஆடிக்கறேன்" என்று தம்பி சொன்னார். அவரைக் கூப்பிட்டவர்கள் சிலர் அப்படிச் சொல்லவில்லை.

விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் வாளை நிமிர்த்திப் பிடித்துப் பொத்தானை அழுத்தினார். ரீங்காரம் அறை முழுவதும் கேட்டது. நன்றாகத்தானே இருக்கிறது, சந்தேகமிருந்தால் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம் என்றார். அனுப்பினால் கட்டணத்தை முறையிட்டவரே முதலில் கட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பரிசோதனை இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்ற நிலையில்தான் சட்டம் அப்படி அனுப்பச் சொல்கிறது. "ஐயா, வாளை வாங்கியவரே ஒருமுறை வீசட்டும்" என்று கேட்டேன். தம்பி மேசைகளை விட்டு விலகி நின்று ஒரு சுற்றுச் சுற்றினார். பாதி வீச்சில் சத்தம் அறுந்தது. பிறகு முதலிலிருந்து தொடங்கியது. பரிசோதனைக் கூடம் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

மிஞ்சியிருந்தது நகல் என்ற வாதம். அசல் இல்லை என்று தெரிந்து வாங்கியவருக்குக் கேட்க உரிமையில்லை என்றார்கள். முதல் ஸ்டார் வார்ஸ் படத்தின் வீரர் தலைக்கவசங்களை 1976-இல் வார்த்துக் கொடுத்த ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த், பிற்காலத்தில் அவற்றின் நகல்களை விற்றபோது படத்தை எடுத்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. தலைக்கவசம் படப்பிடிப்புக்கான பயன்பாட்டுப் பொருள், சிற்பம் அல்ல, ஆகவே சிற்பத்துக்குரிய பதிப்புரிமை அதற்கில்லை என்று 2011 ஜூலை 27-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்கப் பதிப்புரிமையை மீறியதற்காக பிரிட்டனிலேயே அவர்மேல் வழக்குத் தொடரலாம் என்றும் சொன்னது. அதெல்லாம் படம் எடுத்தவருக்கும் நகல் செய்தவருக்கும் உள்ள கணக்கு. காசு வாங்கிக்கொண்டு பொருள் கொடுத்தவர், தன் பொருள் நகல் என்பதையே தனக்குக் கேடயமாக்கிக்கொள்ள முடியாது.

புகார் பகுதியளவில் அனுமதிக்கப்பட்டது. வாளைத் திருப்பிக் கொடுத்து முழு விலையையும் பெற்றுக்கொள்ளலாம். மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தனியாக ஒரு தொகை. கைவிட்டுப்போன நிகழ்ச்சிகளுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஆட்டக்காரருக்கு முன்பணத்தைத் தாம்பூலத்தட்டில் வைத்துக் கொடுப்பார்கள்; ரசீது யாரும் எழுதுவதில்லை. ஆணையம் கேட்டதோ ரசீது. அதில் தவறு காண முடியாது: கணக்கில்லாத இழப்பை அளக்க ஒரு நீதிபதியிடம் என்ன கோல் இருக்கிறது? ஆனால் அந்தப் பருவத்தில் தம்பி இழந்தது வாளின் விலையைவிட அதிகம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆகவே, வாங்கிய பொருளில் பழுது தெரிந்தால் முதலில் அது பழுதாகும் விதத்தைப் பெட்டி, பில், பொருள் மூன்றும் தெரிய ஒரே வீடியோவாக எடுத்துவிடுங்கள். நிறுவனம் சொன்னதைச் செய்தால், சொன்னதையும் செய்ததையும் எழுத்தில் வைத்திருங்கள். இணைய வணிக விதிகளின்படி உங்கள் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர்கள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். தீராவிட்டால் ஆணையத்துக்குப் போக உங்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. தாம்பூலத்தோடு முன்பணம் வாங்குகிறவர்கள் கூடவே ஒரு துண்டுச் சீட்டும் கேட்டு வாங்குங்கள். கொடுப்பவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.