கடைசியில் நின்ற 'வித்'

நான் ஆங்கில ஆசிரியர். சரியான வாக்கியம் என்று தெரிந்தே அதைத் தவறென்று சுழித்து, பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறேன்.

'வித்' போன்ற பிரிபொசிஷன் வாக்கியத்தின் கடைசியில் வரக்கூடாது என்று வகுப்பில் சொல்லிவந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பரீட்சையில் 'ஹூ டிட் யூ கோ வித்?' என்று எழுதியிருந்தாள். 'வித்'தைச் சிவப்பு மையில் அடித்து, மேலே 'வித் ஹூம்' என்று எழுதினேன். விடைத்தாளை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

"சார், கதைப் புத்தகத்துல எல்லாம் இப்படித்தான் சார் இருக்கு."

"கதை வேற, பரீட்சை வேற. போய் உட்காரு."

அந்த விதியின் பூர்வீகம் எனக்கு அப்போதே தெரியும். 1672இல் கவிஞர் ஜான் டிரைடன், நாடகாசிரியர் பென் ஜான்சனின் வரிகளில் பிரிபொசிஷன் கடைசியில் வருவதைக் குறையாகச் சொன்னார். பிறகு தம் பழைய கட்டுரையிலும் இப்படி முடிந்த வாக்கியங்களை மாற்றி எழுதினார். 1762இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லோத்கூட இதைத் தடுக்கவில்லை. பேச்சிலும் எளிய நடையிலும் இது ஆங்கிலத்தின் இயல்பு, உயர்ந்த நடைக்கு மற்றதே அழகு என்றார், அவ்வளவுதான். பின்னால் வந்த பாடநூல்கள் அதைச் சட்டமாக்கின. 'வாட் இஸ் இட் லைக்?' என்பதில் 'லைக்'கை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது?

என்னை உறுத்துவது இதைவிடப் பெரிது. தமிழில் உருபு பெயரை விட்டுப் பிரியாது. 'யாரோடு போனாய்?' என்பதிலிருந்து 'ஓடு'வை மட்டும் கழற்றிக் கடைசியில் வைக்க முடியாது. ஆங்கிலத்தில் வினாச்சொல் முன்னே போய்விடும். 'வித்' தன் இடத்திலேயே நிற்கும். தமிழில் யோசித்து எழுதும் பிள்ளைக்கு இது லேசில் வராது. பலர் 'வித்'தையே விட்டுவிட்டு 'ஹூ டிட் யூ கோ?' என்று எழுதுவார்கள். அவளுக்கு வந்திருந்தது. யாரும் சொல்லித்தராமல், படித்துப் படித்தே பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மொழியின் வாக்கிய அமைப்பு கைவந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் என்ன வேண்டும்? அதைத்தான் அடித்தேன்.

விடைக்குறிப்பில் அப்படி இருந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். உண்மை அதுவல்ல. ஆண்டுக்கணக்கில் அழுத்திச் சொன்னதை வகுப்பின் முன்னால் மாற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள அவள் மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டேன்.

இப்போது அதற்கு நான் மதிப்பெண் குறைப்பதில்லை. ஆனால் ஆங்கில ஆசிரியர்கள் கூடி விடைக்குறிப்பை வாசிக்கும்போது அந்த வரி இன்னும் வருகிறது. இதுவரை நான் வாய் திறந்ததில்லை.