தோலில் தங்காத உப்பு

வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்துத் தோல் தொழில் நம் சமுதாயத்தின் பள்ளிவாசல்களையும் கல்விக்கூடங்களையும் தாங்கிய தொழில். அதனை இகழ்வது என் நோக்கமன்று.

1989இல் ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்னும் பூஞ்சைக்கொல்லியைத் தடை செய்தது. அது பதனிட்ட தோலிலேயே தங்கி, அணிபவரின் உடலைத் தொடும். சந்தையை இழக்க விரும்பாத நம் ஆலைகள் மாற்று மருந்துக்கு மாறின. உலக வணிகத்தின் பசுமைப் போட்டியால் விளைந்த நன்மை இது, மறுப்பதற்கில்லை.

பச்சைத்தோல் கெடாதிருக்க இடும் உப்போ தோலில் தங்குவதில்லை. ஊறவைக்கும் நீரிலேயே பெரும்பகுதி கரைந்து வெளியேறிவிடும். ஆகவே காலணியைச் சோதித்தவர் கண்ணில் அது படவில்லை. பாலாற்றங்கரைக் கிணறுகளில்தான் கரித்தது. அளவையில் மோசம் செய்யாதீர் என்ற இறைக்கட்டளையை வாங்குபவருக்கு மட்டும் உரியதாக எண்ணிவிட்டோமோ? அண்டைவீட்டாரின் கிணறும் நம்மிடமுள்ள அமானிதமன்றோ! 1996இல் உச்ச நீதிமன்றம் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

2005இல் தோன்றிய லெதர் ஒர்க்கிங் குரூப் ஆலையின் நீரையும் கழிவையும் தணிக்கை செய்கிறது. நல்லதே. ஆனால் கழிவுநீரிலிருந்து உப்பைப் பிரித்து ஆவியாக்குவது பெருஞ்செலவு. அதில் தம் பங்கைக் கொள்முதல் விலையிலேயே ஏற்றித் தருமாறு வெளிநாட்டு நிறுவனங்களிடம் நம் ஏற்றுமதியாளர்கள் ஒன்றுகூடிக் கேட்க வேண்டும்.