குற்றாலச் சாரலும் விண்கலச் சேர்ப்பும்

திரிகூடமலையின் அடியிற் பிறந்து வளர்ந்தார்க்குக் காற்று என்பது கண்ணாற் காணும் பொருளேயாம். ஆனித் திங்கள் பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்றுப் புகுந்து, தென்காசித் தெருக்களில் உலர்த்தியிருக்கும் வேட்டியைக் கொடியினின்றும் பறித்துக்கொண்டு போகும். காசி விசுவநாதர் கோயிலின் ஏறக்குறைய 180 அடிக் கோபுரத்தின்கீழ் நுழைவாரை அக்காற்று முதலில் எதிர்த்துத் தள்ளுதலும், சில அடி கடந்தபின் முதுகுப்புறம் நின்று உள்ளே உந்துதலும், வெளியூரார்க்கு எம்மூரார் சொல்லி மகிழும் செய்தி. மலைமேல் மேகம் தங்கி, மெல்லிய நீர்த்துளி ஊரெங்கும் தூவும் நாட்களில், மின்விளக்கின் ஒளி ஒரு வெண்டூண் போலத் தெருவில் நிற்கும். அவ்வொளித்தூணை யாம் சிறுவயது முதலே கண்டிருந்தும், அதன்கண் ஒரு பெருங்கருவி ஒளிந்திருத்தலைக் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தோம். அதனைப் பின்னர்க் கூறுவோம். முதற்கண் எம் பாட்டனாரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எம் பாட்டனார் மலைரயிலில் பாயிண்ட்ஸ்மேனாக வேலை பார்த்தவர். செங்கோட்டையினின்று புனலூருக்கு மலையைக் குடைந்தும் பாலங்களைக் கட்டியும் 1904-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அம்மீட்டர் கேஜ் பாதை, 2010-ஆம் ஆண்டில் மூடப்பட்டு, அகலப்பாதையாகி, 2018-ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. பழைய நாளில், மலையேறும் வண்டிக்கு முன்னே இழுப்பது ஓர் எஞ்சினும் பின்னே தள்ளுவது ஓர் எஞ்சினுமாகக் கோப்பர். கோத்தலும் கழற்றுதலும் பாட்டனார் தொழில். அவருடைய வலக்கையில் ஆட்காட்டிவிரலும் நடுவிரலும் இல்லை. யாம் குழந்தையாயிருந்தபோது, "தாத்தா, விரல் எங்கே?" என்று கேட்டால், "அணில் தின்னுட்டு" என்பார். வளர்ந்தபின், வண்டி கோக்கையில் போயிற்று என்று வீட்டார் சொல்லக் கேட்டு, அவ்வளவில் அமைந்தோம். அது நிகழ்ந்த ஆண்டு 1967. மனிதர் எவரும் ஏறாத இரண்டு விண்கலங்கள் தாமே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டதும், சோவியத் நாட்டார் செய்கையால், அவ்வாண்டு அக்டோபர் 30-இல்தான். இயைபு தேடுவார்க்கு இஃது ஓர் இயைபாகலாம்.

நிற்க. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாளிரவு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி60 என்னும் ராக்கெட்டு, ஏறக்குறைய 220 கிலோ எடையுள்ள இரண்டு சிறு கலங்களை ஏற்றிச் சென்று, 475 கிலோமீட்டர் உயரத்தில் விட்டது. ஸ்பேடெக்ஸ் என்பது அம்முயற்சியின் பெயர். துரத்துவது ஒன்று, துரத்தப்படுவது மற்றொன்று. யாம் விடுமுறைக்கு ஊர் வந்திருந்த நாட்கள் அவை. 86 வயதினராகிய பாட்டனார்க்குக் கண் மங்கிவிட்டமையால், நாள்தோறும் காலையில் தினத்தாளைப் படித்துக் காட்டுதல் எம் கடனாயிற்று. அதே ராக்கெட்டின் கடைப்பகுதியில் வைத்தனுப்பிய 8 தட்டைப்பயறு விதைகள் நான்கு நாளில் முளைத்தன என்ற செய்தியை ஆச்சி மிக விரும்பிக் கேட்டு, "அங்க யாரு தண்ணி ஊத்துவா?" என்று வினவினார். பாட்டனார் பயற்றைப் பொருட்படுத்தவில்லை. வண்டிகளைப் பற்றியே கேட்டார்.

ஜனவரி 7-இல் சேர்ப்பதாக இருந்தது 9-ஆம் நாளுக்குத் தள்ளப்பட்டது. எதிர்பார்த்ததினும் மிகுதியாகக் கலங்கள் விலகி நகர்ந்தமையால் 9-ஆம் நாளும் தவறிற்று. பாட்டனார் நகைத்தார். "ஏலே, ரெண்டு வண்டியக் கோக்க இத்தன நாளா? நாங்க மழையில, ராத்திரியில, ரெண்டு நிமிசத்தில கோத்துட்டு டீ குடிக்கப் போவோம்" என்றார்.

எமக்கு அவர் நகைத்தது பொறுக்கவில்லை. பௌதிகம் பயிலும் செருக்கும் சிறிது உண்டன்றோ? ஆகலின், தண்டவாளம் இல்லாத வெளியில் கோத்தல் எத்துணை அரிது என்பதை விளக்கப் புகுந்தோம். விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் இரண்டும் பூமியைச் சுற்றுகின்றன. முன்னே செல்வதைப் பிடிக்க விரும்பிப் பின்னது விசையை முடுக்குமாயின், அஃது உயர்ந்த பாதைக்கு ஏறி, அதன் சுற்று நீண்டு, முன்னையினும் பின்தங்கிப் போகும். பிடிக்கவேண்டுமாயின் விசையைக் குறைத்துத் தாழ்ந்த பாதையில் இறங்கவேண்டும். இதனைக் கேட்டதும் பாட்டனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மெதுவாப் போனாத்தான் சீக்கிரம் சேரலாம்னு சொல்லுத. அப்ப அது ஒழுங்கான லைன்தான்" என்றார்.

அன்று முதல் அவர் நகைக்கவில்லை. கேள்வி கேட்கத் தொடங்கினார். இடைவெளியை எவன் பார்த்துச் சொல்கிறான் என்றார். லேசர் என்னும் ஒளி பார்த்துச் சொல்கிறது என்றோம். துரத்தும் கலம் ஓர் ஒளித்துடிப்பை எய்கிறது; எதிர்க்கலத்தின்மேற் பதித்த மூலைக்கண்ணாடிகள் அதனை வந்த வழியே திருப்புகின்றன; போய்வந்த காலத்தைக் கொண்டு தொலைவு கணிக்கப்படும். 6 கிலோமீட்டர்த் தொலைவாயின், ஒரு விநாடியை நூறாயிரம் கூறாக்கி அவற்றுள் நான்கு கூறே அவ்வொளிக்குச் செல்லும் காலம். அத்தொலைவு முதல் 200 மீட்டர் வரை இக்கருவி பயன்படும். அதற்கும் நெருங்கினால் வேறு உணரிகள், அதனினும் நெருங்கிச் சில சென்டிமீட்டர் ஆனவுடன் மற்றொன்று. கோக்கும் வளையம் 450 மில்லிமீட்டர், அஃதாவது ஒரு முழ அகலமே. இரண்டு கலத்திலும் அவ்வளையம் ஒரே வடிவினதாதலின், ஆண் கொக்கி பெண் கொக்கி என்னும் வேறுபாடில்லை. கடைசியில் நெருங்கும் வேகம் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே. "விளக்குக் காட்டுத ஆளு கூடக் கிடையாதா?" என்றார். கிடையாது, கட்டளைகள் பெங்களூரிலிருந்து செல்கின்றன என்றோம்.

ஜனவரி 12, மார்கழி 28. அன்று கலங்கள் 15 மீட்டர் வரை நெருங்கி, பின் 3 மீட்டர் வரை நெருங்கி, கோக்காமலே பின்வாங்கிப் பாதுகாப்பான தொலைவுக்குச் சென்றன. இதனைப் படிக்கையில் எமக்கு வெட்கமாயிருந்தது. பத்தடி வரை சென்று திரும்பியதைப் பாட்டனார் எவ்வாறு ஏளனம் செய்வாரோ என்று அஞ்சிக் குரலைத் தாழ்த்தியே படித்தோம். அவர் மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னார். பின் நெடுநேரம் பேசாதிருந்து, "இவன்தான் வேலைக்காரன். பத்தடி வந்து, சரியில்லன்னு திரும்பிப் போவதுக்கு மனசு வேணும். எங்களுக்குப் பின்னால வண்டி நிறைய ஆளு இருந்து கத்துவான், நாங்க திரும்ப மாட்டோம்" என்றார்.

1997-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் மீர் என்னும் விண்ணிலையத்தோடு ஒரு சரக்குக்கலத்தைக் கையாற் செலுத்திக் கோக்க முயன்றபோது, அது மோதி நிலையத்தின் ஓர் அறையைத் துளைத்ததனை அவருக்குச் சொன்னோம். அவர் வியக்கவில்லை.

காணும் பொங்கலாகிய ஜனவரி 16-ஆம் நாள் காலையில் இரண்டும் கோத்துக்கொண்டன. ரஷ்யா, அமெரிக்கா, சீனா என்பவற்றின்பின் இவ்வித்தை கைவந்த நான்காவது நாடு எம் நாடாயிற்று. செய்தியைச் சொன்னபோது பாட்டனார் கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்கப் பல் இல்லாமல், குழந்தைகளுக்குத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். "நல்லது" என்றார், அவ்வளவே.

இனி முன்னர்ச் சொல்வதாகக் கூறிய ஒளித்தூணுக்கு வருவோம். 2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் யாமும் நண்பர் இருவரும் பழைய குற்றாலத்துக்கு நீராடப் புறப்பட்டோம். வழியில் ஒரு சைக்கிளின் டயர் பஞ்சராகி முக்கால் மணிநேரம் கழிந்தது. யாம் சென்று சேர்ந்தபோது மக்கள் ஈர உடையோடு எதிரே ஓடிவந்தனர். மலைமேற் பெய்த மழையால் அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து, 17 வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்றுவிட்டது. அவன் உயிரோடு மீளவில்லை. ஏறக்குறைய எம் வயதினன். அன்றிரவு யாம் உறங்கவில்லை. அருவியின் கீழ் நிற்பவன் தலைக்குமேல் விழும் நீரையே காண்கிறான். அந்நீர் புறப்பட்ட மலையுச்சியில் நிகழ்வதை அவன் அறிய வழியில்லை. வானத்தை அளக்கும் கருவி ஒன்று அதனைச் சொல்லியிருக்கலாகாதா என்னும் எண்ணமே எம்மை லைடார் என்னும் கருவியைப் பற்றிப் படிக்கத் தூண்டிற்று.

சாரல் நாளில் பாட்டரி விளக்கின் ஒளி தூண்போலத் தோன்றுதற்குக் காரணம், நீர்த்துளிகள் அவ்வொளியிற் சிறிது பகுதியை எம் கண்ணுக்குத் திருப்புதலே. தெளிந்த இரவில் அத்தூண் கண்ணுக்குப் புலனாவதில்லை. ஆயினும் தெளிந்த காற்றிலும் தூசியும் அணுக்கூட்டங்களும் மிகச் சிறிது ஒளியைத் திருப்பவே செய்யும். வானை நோக்கிப் பெருவிளக்குகளை வீசி மேற்காற்றின் அடர்த்தியை அளக்கலாம் என்று 1930-ஆம் ஆண்டிலேயே சிங் என்னும் ஐரிஷ் அறிஞர் எழுதினார். 1960-இல் லேசர் பிறந்தது. மூன்றாண்டுக்குள் அதனை வானில் எய்து பார்த்தனர். ஒளி திரும்பிவரும் காலம் உயரத்தைச் சொல்லும். அதன் அளவு தூசியைச் சொல்லும். அதன் நிறத்தில் ஏற்படும் நுண்மாற்றம் காற்றின் வேகத்தைச் சொல்லும். திருச்சியிற் பிறந்த சர் சி. வி. இராமன் 1928-இல் கண்ட சிதறலைக் கொண்டு, காற்றில் எவ்வளவு நீராவி உண்டென்றும் அளக்கின்றனர். திருப்பதிக்கு அருகில் காடங்கி என்னும் சிற்றூரில் 1998-ஆம் ஆண்டு ஜப்பானியர் துணையோடு அத்தகைய கருவி ஒன்று நிறுவப்பட்டது. ஐரோப்பியர் 2018-இல் ஏவிய ஏயோலஸ் என்னும் கலம், 2023 வரை விண்ணிலிருந்தே உலகக் காற்றை இம்முறையில் அளந்தது.

இவற்றைப் படித்து மகிழ்ந்த எமக்கு முடிவில் ஒரு மனத்தளர்ச்சி நேர்ந்தது. அடர்ந்த மேகத்தினுள் லேசர் நெடுந்தூரம் புகாது. துளிகளே அதனைத் தின்றுவிடும். மழை தொடங்குமுன் ஈரக்காற்று ஏறுதலை அது காட்டக்கூடும். மலையை மேகம் மூடியபின் அது குருடு. அப்போது வேண்டுவது வானொலி அலையால் மழையைக் காணும் ரேடாரும், ஓடைதோறும் வைக்கத்தக்க எளிய நீர்மட்ட அளவியும், அபாய ஒலியும். அருவிக்கு வேண்டியது பெரிய வித்தையன்று என்பது எமக்கு உவப்பாயில்லை; எனினும் உண்மை அதுவே. பேராசிரியர் ஒருவரிடம் இதனைச் சொன்னபோது, அவர், "கருவியின் எல்லையைக் கண்டுகொண்டாய், படிப்புத் தொடங்கிவிட்டது" என்றார். அப்போது அது ஆறுதலாகத் தோன்றவில்லை.

மார்ச்சு 13-ஆம் நாள் கோத்த கலங்கள் முதன்முறையிலேயே பிரிக்கப்பட்டன. யாம் கல்லூரியில் இருந்தமையால் தொலைபேசியிற் படித்தோம்: ஒரு கலத்தின் வளையம் முதலில் நீட்டப்பட்டது; பிடிக்கும் நெம்பு திட்டப்படி விடுவிக்கப்பட்டது; பின்னரே இரண்டு கலத்துக்கும் பிடி விடுமாறு கட்டளை சென்றது. பாட்டனார் குறுக்கிட்டு, "அப்ப மொதல்ல தொய்வு குடுத்திருக்கான்" என்றார்.

ஆம் என்றோம்.

"அதத்தான் நான் செய்யல" என்றார். "எல்லாரும் கோக்கையில போச்சுன்னு நெனச்சிருக்கீங்க. கழத்தையில போனது. கொக்கி இறுகிக் கெடந்தது. டிரைவர் வண்டியப் பின்னால கொஞ்சம் நகத்தித் தொய்வு குடுக்கணும், நான் விளக்கு ஆட்டணும். ஆட்டாமலே கைய விட்டுட்டேன். அவன் மேல தப்பில்ல. வீட்டுல ஒங்க அப்பன் பொறந்த நாளு, போவதுக்கு அவசரம்."

ஐம்பத்தேழு ஆண்டுகளாக அவர் இதனை எவரிடமும் சொல்லவில்லை. எம் தந்தையும் அறியார். யாம் என்ன சொல்வதென்று தெரியாமல் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பின்னணியில் ஆச்சி கஞ்சிக்கு அழைக்கும் குரல் கேட்டது.

"அந்தத் தொய்வு குடுத்த எடத்த மட்டும் இன்னொருக்கப் படி" என்றார். படித்தோம்.