நான்கு வரிக் கடிதம்

2023 மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. தில்லி ராஜேந்திர நகரில் ஒரு வீட்டின் இரண்டாவது மாடி. நான்கு வருடக் குடித்தனம் அட்டைப் பெட்டிகளுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. கொலு பொம்மைகள் பழைய போர்வைகளுக்குள் பதுங்கிவிட்டன. ஆண்டுத் தேர்வை முடித்துவிட்ட பையன், கிரிக்கெட் மட்டையை மட்டும் யாரிடமும் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய அப்பா டொரண்டோவுக்குத் தொலைபேசியில் பேசுகிறார். சிரிப்போடு ஆரம்பித்த குரல் பத்தே நிமிடத்தில் மாறிவிடுகிறது.

மறுமுனையில் வீட்டுக்காரம்மாவின் மகன். மரியாதையாகத்தான் பேசுகிறார். "காலி செய்வதாக எப்போது நோட்டீஸ் கொடுத்தீர்கள்? அம்மா என்னிடம் எதுவும் சொல்லவில்லையே. ஒரு மாதத்துக்கு முன் எழுத்தில் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கடிதம் இருந்தால் அனுப்புங்கள், முழுப் பணத்தையும் இன்றே அனுப்பிவிடுகிறேன்."

கடிதம் இல்லை.

குடிவந்தபோது முன்பணமாகக் கொடுத்தது 36,000 ரூபாய், அப்போதைய வாடகையில் இரண்டு மாதம். ஒவ்வொரு புதுப்பித்தலிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வாடகை 22,000 ஆகியிருந்தது. நோட்டீஸ் இல்லாததற்காக ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டால் கைக்கு வருவது 14,000. புனேயில் பார்த்து வைத்திருக்கும் வீட்டுக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தார்கள்.

சொல்லாமலும் இல்லை. பிப்ரவரி 12ஆம் தேதி, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி கீழே போய் வீட்டுக்காரம்மாவின் சமையலறையில் உட்கார்ந்து சொன்னார். இஞ்சி தட்டிப்போட்ட டீ அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. கணவருக்குப் புனேவுக்கு மாற்றல் வந்துவிட்டது, பையனின் தேர்வு முடிந்ததும் மார்ச் கடைசியில் கிளம்புகிறோம் என்றார். வீட்டுக்காரம்மா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மாற்றல் ரத்தாகக்கூடாதா பேட்டா? அடிக்கடி ஆகிறதே" என்றார். அத்தோடு பேச்சு பையனின் படிப்புக்குப் போய்விட்டது.

அன்று மாலையே கணவர் ஒரு யோசனை சொன்னார். "ஒரு லெட்டரும் கொடுத்துடலாம். ஒப்பந்தத்துல இருக்கு."

மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "நாலு வருஷமா அம்மா மாதிரி இருக்காங்க. அவங்களுக்குப் போய் வக்கீல் நோட்டீஸ் மாதிரி லெட்டரா? என்னங்க நினைச்சுப்பாங்க?"

கணவர் விட்டுவிட்டார். அவருக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

அந்தக் கூச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. 2020 ஊரடங்கின்போது 75 வயது வீட்டுக்காரம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்க மருந்துக்கடை வரிசையில் நின்றவர் இந்தக் கணவர். அடுத்த வருடம் மாடியில் மூன்று பேரும் கொரோனாவில் படுத்துக் கிடந்தபோது, தினமும் இருவேளை படியில் கிச்சடிப் பாத்திரத்தை வைத்துவிட்டுக் குரல் கொடுத்தவர் வீட்டுக்காரம்மா. சாம்பார் கீழே போகும், பராட்டா மேலே வரும். இப்படிப்பட்ட இடத்தில் தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, 'இதன்மூலம் தெரிவித்துக்கொள்வது' என்று எழுதுவது எப்படி?

ராஜேந்திர நகர், பிரிவினைக்குப் பிறகு எல்லைக்கு அப்பாலிருந்து வந்த அகதிகளுக்காக உருவான குடியிருப்புகளில் ஒன்று. வீட்டுக்காரம்மாவின் மாமனார் 1947இல் ராவல்பிண்டியில் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தவர். நாலு நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்தாராம். அந்தச் சாவி வெகுநாள் வரை பீரோவில் இருந்தது. இங்கே கிடைத்த சின்ன வீட்டின் மேல் ஒவ்வொரு தளமாக எழும்பியது. கணவர் போன பிறகு அந்த மாடி வாடகைதான் வீட்டுக்காரம்மாவின் ஜீவனம். குடும்ப ஓய்வூதியம் மின்சாரத்துக்கும் மளிகைக்கும் சரியாகப் போய்விடும். மருந்தும், வேலைக்கு வரும் பெண்ணின் சம்பளமும் வாடகையில்தான். வங்கிக் கணக்கைக் கணினி வழியாகக் கவனித்துக்கொள்வது டொரண்டோ மகன்.

தொலைபேசிப் பேச்சு முடிந்ததும் கணவர் கீழே போனார். "ஆன்ட்டிஜி, பிப்ரவரியிலேயே சொன்னோமே, நீங்களே மகனிடம் சொல்லுங்கள்" என்றார். வீட்டுக்காரம்மா சுவரைப் பார்த்தபடி, "சொன்னீர்கள். எப்போது என்று எனக்கு நினைவில்லை" என்றார்.

நான்கு வருடம் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துபோனதாகப் பட்டது. மனைவி மாடியில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதார். 22,000 ரூபாய்க்காக மட்டும் வந்த அழுகை அல்ல அது.

சட்டத்தின் கண்ணில் மகன் கேட்டதில் தவறு சொல்ல முடியாது. நம் நகரங்களில் வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்குப் போடப்படுவதன் காரணம் பலருக்குத் தெரியும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது 1908ஆம் வருடப் பதிவுச் சட்டம். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கத்தான் 11 மாதம். தரகர் கொண்டுவரும் முத்திரைத்தாளில் எல்லாரும் படிப்பது இரண்டு வரிதான்: வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு. நோட்டீஸ் பற்றிய வரியைக் காலி செய்யும்போதுதான் தேடுகிறோம்.

ஒப்பந்தத்தில் அந்த வரியே இல்லை என்றால்? மாநில வாடகைச் சட்டம் வேறு ஏதும் சொல்லாதவரை, 1882ஆம் வருடச் சொத்து மாற்றச் சட்டத்தின் 106ஆவது பிரிவு துணைக்கு வரும். மாத வாடகை என்றால் 15 நாள் நோட்டீஸ், வீட்டுக்காரர் கொடுத்தாலும் குடியிருப்பவர் கொடுத்தாலும். ஆனால் அது எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவரின் கையெழுத்து இருக்க வேண்டும். தபாலில் அனுப்பலாம், நேரில் தரலாம், வீட்டில் குடும்பத்தினரிடமோ வேலையாளிடமோ கொடுக்கலாம். எதுவுமே முடியாவிட்டால் அந்த இடத்திலேயே கண்ணில் படும்படி ஒட்டலாம். இத்தனை வழி யோசித்த சட்டம், டீ குடித்துக்கொண்டே சொல்வதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

தில்லியின் 1958ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இந்தக் குடும்பத்துக்கு உதவாது. மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டினால் அது பொருந்தாது. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கான முன்பணம் இரண்டு மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்கிறது. வீட்டைத் திரும்பப் பெறும்போதே, உரிய பிடித்தம் போக மீதியைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. ஆனால் அது மாதிரிதான். அந்தந்த மாநிலம் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் உயிர் வரும். பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்கிப் பழகிய பெங்களூரில் இப்படி ஒரு கடிதம் இல்லாமல் போனால் சிக்கிக்கொள்ளும் தொகை எவ்வளவு என்பதை அங்குள்ள தமிழர்கள் அறிவார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மனைவி கடைசி முறையாகக் கீழே போனார். பால் கணக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது. இரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் பால் வாங்கியதால் கணக்கு நோட்டு ஒன்றுதான், அது வீட்டுக்காரம்மாவின் சமையலறை ஆணியில் தொங்கும். மார்ச் மாதக் கணக்கைக் கூட்டிவிட்டு, விட்டுப்போன பாக்கி ஏதும் உண்டா என்று பிப்ரவரிப் பக்கத்தைத் திருப்பினார். 12ஆம் தேதிக்கு நேராக, இரண்டு லிட்டர் என்பதற்குப் பக்கத்தில், நடுங்கும் ஹிந்தி எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'மேல் வீடு மார்ச் கடைசியில் காலி.'

நிமிர்ந்தபோது வீட்டுக்காரம்மா வாசற்படியில் நின்றிருந்தார். பார்த்ததைப் பார்த்துவிட்டார்.

"இரண்டு வருடமாகச் சொல்கிறான் பேட்டா, வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்துவிடு என்று" என்றார். "மேலே காலியாகிறது என்று தெரிந்தால் அடுத்த நாளே தரகரை அனுப்புவான். உங்கள் மாற்றல் ரத்தாகிவிடும் என்று நினைத்தேன். அப்புறம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை."

மனைவி நோட்டை மூடி ஆணியில் மாட்டினார். பால் பாக்கியைக் கொடுத்தார். வீட்டுக்காரம்மா அதை வாங்க மறுத்துக் கைக்குள் திரும்ப வைத்து அழுத்தினார்.

ரயில் மதுராவைத் தாண்டிய பிறகுதான் கணவரிடம் சொன்னார்.

"ஒரு போட்டோ எடுத்திருக்கலாமே!" என்றார் கணவர்.

"எடுத்திருந்தா நீங்க அனுப்பியிருப்பீங்க."

அவர் பதில் சொல்லவில்லை.

அந்தப் பயணத்தில் மனைவி நினைத்துப் பார்த்தது இதுதான். பிப்ரவரியில் ஒரு கடிதம் கொடுத்து, நகல் ஒன்றை டொரண்டோவுக்கும் அனுப்பியிருந்தால் 22,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். அதைவிட முக்கியம், ஒளித்து வைக்க வேண்டிய நிலைக்கு ஒரு வயதான பெண்மணியைத் தள்ளியிருக்க வேண்டாம். ஆறு வாரம் கையில் இருந்திருந்தால் வேறு குடித்தனம் கிடைத்திருக்கும், வீட்டை விற்கும் பேச்சும் தள்ளிப் போயிருக்கும். கடிதம் கொடுத்தால் பாசம் குறைந்துவிடும் என்று பயந்தார்கள். கொடுக்காததால்தான் அது அடிபட்டது.

கடிதத்துக்குப் பெரிய இலக்கணம் எதுவும் இல்லை, நான்கு வரி போதும். எந்த வீடு, எந்தத் தேதி ஒப்பந்தம். என்றைக்குச் சாவியைத் தருகிறோம். முன்பணம் எவ்வளவு, எந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். மின் மீட்டரையும் சுவர் குழாய்களையும் சேர்ந்து பார்க்க எந்த நாள் வசதி. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க மறுத்தால் தபால் இருக்கிறது. பழைய பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டதால் இனி விரைவுத் தபால்தான். வாட்ஸ்அப்பில் அனுப்புவது துணைச் சான்றாக இருக்கட்டும், கையெழுத்திட்ட காகிதத்துக்கு மாற்றாக வேண்டாம்.

புனேயில் எல்லாம் எழுத்தில் நடந்தது. வாடகை ஒப்பந்தம் எழுதிப் பதிவாக வேண்டும், அது வீட்டுக்காரரின் பொறுப்பு என்கிறது மகாராஷ்டிராவின் 1999ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்ல மனிதர். மாதுளம்பழம் வாங்கினால் மாடிக்கும் இரண்டு வரும். 2025இல் கணவருக்கு அடுத்த மாற்றல் வந்தது. உத்தரவு வந்த அன்றே மனைவி கடிதத்தை எழுதி, தானே எடுத்துக்கொண்டு போனார்.

அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு முகம் வாடினார். "வாயால் சொன்னால் போதாதா? நான் ஏதாவது தவறாக நடந்துகொண்டேனா?"

"இல்லை காகா. நீங்கள் நன்றாக நடந்துகொண்டதால்தான் எழுதிக் கொடுக்கிறேன்" என்றார் மனைவி.

சற்று யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரு மாதம் கழித்துச் சாவியை வாங்கிக்கொண்ட அன்றே பணத்தை அனுப்பினார். வெள்ளையடிக்க 4,000 ரூபாய் பிடித்தம், அதுவும் முன்கூட்டியே பேசி எழுதிக்கொண்டதுதான்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் ராஜேந்திர நகருக்குத் தொலைபேசி போகிறது. 22,000 ரூபாயைப் பற்றி இரு தரப்பும் இதுவரை பேசியதில்லை. வீடு இன்னும் விற்கப்படவில்லை. மாடிக்கு ஒடிசாவைச் சேர்ந்த இளம் தம்பதி வந்திருக்கிறார்கள். அவர்கள் வந்த முதல் நாளே டீ கொடுத்து உட்காரவைத்து ஒன்று சொல்லிவிட்டாராம் வீட்டுக்காரம்மா: "போகும்போது எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் பேட்டா. இரண்டு பிரதி. ஒன்று எனக்கு, ஒன்று டொரண்டோவுக்கு."