அக்கா வீட்டு ஞாயிறு

ஞாயிறு காலை ஒன்பது மணி. மன்னார்குடியில், பாமணி ஆற்றுப் பக்கத்துத் தெரு ஒன்றில் ஓட்டு வீடு. கூடத்தில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு அக்கா கோரைப்பாய் விரிக்கிறார். முட்டி மடக்க முடியாதவர்களுக்கு மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. பீடம் இல்லை, மணி இல்லை, வாசலில் பெயர்ப்பலகையும் இல்லை. வசனம் அச்சிட்ட நாள்காட்டி மட்டும் ஆணியில் தொங்குகிறது. 2018இல் கஜா புயல் கொண்டுபோன ஓடுகளின் இடத்தில் தகரம் மின்னுகிறது.

நான் திண்ணை ஓரம் உட்கார்ந்திருக்கிறேன்.

பதினாறு பேர் வந்துவிட்டார்கள். பெரும்பாலும் நடவு, களையெடுப்புக்குப் போகும் பெண்கள். கஞ்சிரா மெல்லத்தான் ஒலிக்கிறது; பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நாளை பரீட்சை என்று அக்கா முன்பே சொல்லிவிட்டார். பாட்டு முடிந்ததும் சாட்சி. "பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சு, ஸ்தோத்திரம்" என்கிறாள் ஒருத்தி. இன்னொருத்தி தயங்கி, "களைக்குப் போன கூலி இன்னும் வரலைக்கா. அதுக்கும் ஜெபிங்க" என்கிறாள். யாரும் சிரிக்கவில்லை. அதற்கும் கண்களை மூடுகிறார்கள்.

வாசற்படியில் ஓர் ஆயா, இடுப்பில் பேரன். நெற்றியில் திருநீறு. உள்ளே வரவில்லை, போகவுமில்லை. பாஸ்டர் எழுந்துவந்து பிள்ளையின் தலையில் கை வைத்து ஜெபிக்கிறார். திருநீற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. திருமுழுக்குப் பெறாமலே இயேசுவைக் கும்பிடும் இத்தகையவர்களைப் பற்றித்தான் சென்னை குருகுல் இறையியல் கல்லூரியில் இருந்த ஹெர்பர்ட் ஹோஃபர் ஒரு நூலே எழுதினார். படிக்காத இந்த ஆயாவுக்கு அது தெரிய வேண்டியதில்லை. படியில் நிற்க இடம் இருக்கிறது, அது போதும்.

எவர்சில்வர் கிண்ணம் சுற்றி வருகிறது. கூட்டம் கலைந்த பிறகு அதிலிருந்து இருநூறு ரூபாய் ஒரு பெரியவர் கைக்குப் போகிறது. நாளை அவர் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதைப் பார்த்ததும் எனக்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம் நினைவுக்கு வந்தது. 1742இல் அங்கே கூடுமிடம் கட்டிய கடனை அடைக்க, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வீடு வீடாகப் போய் வாரம் ஒரு பென்னி வாங்கினார். போன இடத்தில் பசியும் நோயும் சண்டையும் கண்ணில் பட்டன. காசு வாங்கப் போனவர் மனிதரை விசாரிப்பவரானார். ஜான் வெஸ்லியின் சபை அப்படித்தான் வேர்விட்டது. அந்த வெஸ்லியன் மிஷனே பிறகு மன்னார்குடிக்கு வந்தது; பின்லே பள்ளி அவர்கள் விட்டுப்போனது. 1947இல் அவர்கள் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தார்கள். அதற்கெல்லாம் முன்னே, பிலிப்பி பட்டணத்தில் இரத்தாம்பரம் விற்ற லீதியாளின் வீட்டிலும் சகோதரர்கள் இப்படிக் கூடியிருந்தார்கள். வீட்டில் கூடுவதைக் கோயிலுக்கு முந்திய ஏற்பாடு என்று நினைக்கிறவர்கள் அக்காவின் கூடத்தில் ஒரு ஞாயிறு உட்கார வேண்டும். இங்கே குறை என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை. இதுவே சபை.

எல்லாருக்கும் டீ கொடுத்துவிட்டு, அக்கா மூட்டைகளைப் பழைய இடத்துக்கு இழுக்கிறார். இரண்டு பெண்கள் கைகொடுக்கிறார்கள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை நடவு இருக்குக்கா."

"சரி, ராத்திரி ஏழரைக்கு வெச்சுக்குவோம்."