நிலாவரைப் பக்கத்து ஒரு புற்றரை

கோப்பாயைக் கடந்து, நீர்வேலி வாழைத் தோட்டங்களினூடே புத்தூரை நோக்கிச் செல்பவருக்கு, இக்குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை என்பது நம்புதற்கரியதாகவே தோன்றும். செம்மண் எங்கும் பசுமை. கோடையிற் காணும் அப்பசுமை அனைத்தும் கிணற்றிலிருந்து ஏறி வந்ததே.

சென்ற ஆவணியில், சோளகக் காற்றுப் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த நாளொன்றில், அங்குள்ள என் சின்னம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். பழைய மணல் முற்றத்தைக் காணவில்லை. கனடாவிலிருந்து விடுமுறையில் வந்த தம்பி, ஆயிரம் சதுர அடியில் புற்றரை அமைத்துவிட்டுத் திரும்பியிருந்தான். மகனுடைய ஆசை வாடிவிடலாகாதென்று சின்னம்மா நாள்தோறும் நண்பகலில் இறைப்பு இயந்திரத்தை முடுக்கி நீர் தெளித்து வந்தார். புல்லோ மஞ்சளித்துக் கிடந்தது.

தேநீரை ஒரு மிடறு அருந்தியதும் அவர் என் முகத்தையே பார்த்தார்.

"தம்பி, தண்ணி சவர்க்குதோ?"

சவர்க்கத்தான் செய்தது. என் தாயும் அவரும் குடித்து வளர்ந்த கிணறு அது.

மாலையில் நிலாவரைக் கேணிவரை நடந்தேன். இராமர் அம்பெய்து உண்டாக்கியது என்பார்கள். மேலே நன்னீர்; ஆழத்தில் உவர்நீர். சுண்ணக்கல்லுக்கு அடியில் குடாநாடு முழுவதும் இதே கதைதான். மழைநீர் கடல்நீரின்மீது மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்குமேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும் என்பது நீரியலார் கணக்கு. மேலே சிறிது குறைந்தாற் கீழிருந்து உவர் விரைந்து ஏறும். சின்னம்மாவின் புற்றரை ஒன்றே கிணற்றைக் கெடுத்தது என்று கூறிவிட முடியாது. சுற்றிலும் எத்தனையோ இயந்திரங்கள் இறைக்கின்றன.

மறுநாள் பக்கத்து வளவுத் தோட்டக்காரர் வந்தார். இளமையில் துலா மிதித்தவர். தோள் நோக இறைத்த காலத்தில் நண்பகலில் எவரும் நீரை வெயிலுக்கு வார்க்கவில்லை என்று சிரித்தார். கத்தியாற் புல்லைக் கிளப்பிக் காட்டினார். இரண்டு விரற்கடை ஈரம். அதன்கீழ் வெறும் புழுதி. தினமும் சிறிது தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடுகிறது. சுடுமண்ணில் அது என் செய்யும்?

பால்மாப் பேணிகள் சிலவற்றைப் புல்மீது வைத்து அளந்தோம். சின்னம்மா ஒருநாள் விடுவது கால் அங்குலம். வாரத்துக்கு 1¾ அங்குலம். ஆயிரம் சதுர அடியில் ஓர் அங்குலம் என்றால் ஏறத்தாழ 2,360 லீற்றர்! இனி, வெயில் ஏறுமுன் விடியற்காலையில், ஆறு நாளைக்கொரு முறை, முக்கால் அங்குலம் விடுவதென்று முடிவாயிற்று. நீர் வழிந்தோடத் தொடங்கினால் நிறுத்தி, மண் உறிஞ்சியபின் தொடர வேண்டும். மிதித்த காலடி புல்லில் நிமிராமற் கிடந்தால் தண்ணீர் வேண்டும் என்று பொருள். நிமிர்ந்தால் இன்னும் பொறுக்கலாம். பட்டுப்போன இடங்களில் நம்மூர் அறுகை நட்டோம். அது வறட்சியைத் தாங்கும்.

பாதியை மீண்டும் மணல் முற்றமாக்கலாமா என்று கேட்டேன். சின்னம்மா இசையவில்லை. "பிள்ளை வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்றார்.

நான் புறப்பட்ட அதிகாலையில் அவர் பேணியருகே குனிந்து, விரலால் நீரை அளந்துகொண்டிருந்தார். தேநீருக்கான தண்ணீர் கோயிற் கிணற்றிலிருந்து குடத்தில் வந்திருந்தது. ஐப்பசி மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.